ஆயிரம் ரூபாய்த் தலை

நம் ஊர் பைக் ஓட்டிகளின் வீரத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. தண்ணி லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழச் சந்து கிடைத்தால் போதும். காதுக்கும் தோளுக்கும் இடையில் போனை இடுக்கியபடி புகுந்து வெளியே வந்துவிடுவார்கள். எமனே ஓரம் கட்டி வழிவிடுவான். ஹெல்மெட்டா? முழங்கையில் வளையல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்.

அதே வீரர் சிக்னலுக்கு அப்பால் ஒரு வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டால் கதை மாறும். வேகம் குறையும், முகம் சாதுவாகும், ஓடுகிற வண்டியிலேயே ஒற்றைக் கையால் ஹெல்மெட் தலைக்கு ஏறும். வார் மாட்டுவதில்லை. போலீஸ்காரர் கழுத்தடியில் குனிந்து பார்க்கவா போகிறார்?

ஹெல்மெட் கட்டாயம் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவே சொல்லிவிட்டது. அபராதம் நூறு ரூபாயாக இருந்தவரை மண்டையைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. 2019-இல் சட்டத்தைத் திருத்தி ஆயிரமாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் வசூல் தொடங்கியது. தலை மேல் திடீர்ப் பாசம் பிறந்தது அப்புறம்தான்.

இப்போது கேமரா வேறு. அதனால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் காலை வளைத்து நம்பர் பிளேட்டை மறைக்கிறார். ஓடுகிற வண்டியில் அப்படி உட்கார யோகாசனமும் தெரிந்திருக்க வேண்டும்.