வியூக சிகாமணிகள்

விமானம் செய்கிற கம்பெனிக்கு எது பெரிய இடைஞ்சல்? விமானம் செய்கிற இடம்தான். 2001-ல் போயிங் தலைவர் ஃபில் காண்டிட்டுக்கு இந்த ஞானம் உதித்தது. 1916-ல் பிறந்ததிலிருந்து சியாட்டிலில் இருந்த தலைமையகத்தைப் பெயர்த்து, சுமார் 2,800 கிலோமீட்டர் தள்ளி சிகாகோவில் கொண்டுபோய் வைத்தார். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே தலைமையகம் இருந்தால் அன்றாட வேலைகளுக்குள் இழுத்துவிடுகிறார்களாம். நியாயம்தானே! மாடியில் உட்கார்ந்து ஒருவர் நீண்டகால வியூகம் வகுத்துக்கொண்டிருக்கும்போது, கையில் கிரீஸோடு ஒரு பொறியாளர் வந்து, “சார், இந்தத் துளை பொருந்தல” என்று நின்றால் வியூகம் என்னத்துக்கு ஆகும்?

அதற்கு நான்கு வருஷம் முன்புதான், 1997-ல், நொடித்துக்கொண்டிருந்த மெக்டொனல் டக்ளஸை போயிங் வாங்கியிருந்தது. காசு போட்டது போயிங். சட்டம் பேச வந்தது மெக்டொனல் டக்ளஸின் கணக்குப்பிள்ளைகள். போயிங் பணத்திலேயே போயிங்கை வாங்கிவிட்டார்கள் என்று சியாட்டில் பொறியாளர்கள் சொல்லிச் சிரித்தார்கள். அப்படி வந்து போயிங்கின் தலைமை நிர்வாகியான ஹாரி ஸ்டோன்சைஃபர் 2004-ல் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்: இது பெரிய பொறியியல் நிறுவனமாக இருந்தது, வியாபாரமாக நடக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் மாற்றினேன் என்றார். வாக்குமூலமாக அல்ல, சாதனையாக.

இவரும், பின்னால் வந்த ஜேம்ஸ் மெக்னெர்னியும், அதற்கும் பின்னால் வந்த டேவிட் கால்ஹூனும் ஜெனரல் எலக்ட்ரிக் என்ற ஒரே குருகுலத்தில் தேறியவர்கள். குரு ஜாக் வெல்ச். 1999-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை ‘நூற்றாண்டின் நிர்வாகி’ என்று முடிசூட்டிய மகான். மெக்னெர்னியிடம் 2014-ல் 65 வயதாகிறதே, ஓய்வு பெறுவீர்களா என்று கேட்டபோது, என் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், ஊழியர்களும் என்னைக் கண்டு நடுங்கிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று பதில் சொன்னார். பிறகு, அது தமாஷ் என்று மன்னிப்புக் கேட்டார். நடுங்கியவர்களுக்குத் தெரியும் அது தமாஷா என்று.

குருகுலத்தின் மூலமந்திரம் சுலபமானது: எதையும் நாமே செய்யக் கூடாது, செய்கிறவனிடமிருந்து வாங்க வேண்டும். வெளியே கொடுக்கக் கொடுக்க லாபமும் வெளியே போய்விடும் என்று கம்பெனியின் பொறியாளர் ஹார்ட்-ஸ்மித் 2001-லேயே கட்டுரை எழுதிக் கொடுத்தார். கட்டுரையைப் படிப்பது அன்றாட வேலை அல்லவா? 2005-ல் விச்சிட்டா நகரத்தில் விமான உடல் செய்யும் தொழிற்சாலையைச் சுமார் 90 கோடி டாலர் ரொக்கத்துக்கு விற்றார்கள். 2024-ல் அதே ஆலையை நடத்தும் நிறுவனத்தை 470 கோடி டாலர் மதிப்புக்குத் திரும்ப வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். விற்றதும் வியூகம், வாங்கியதும் வியூகம்.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் முடியாது.

2010-ல் ஏர்பஸ், எரிபொருள் மிச்சம் பிடிக்கும் புது எஞ்சினோடு ஏ320 நியோவை அறிவித்தது. போயிங்கின் நெடுநாள் வாடிக்கையான அமெரிக்கன் ஏர்லைன்ஸே அதற்கு ஆர்டர் கொடுக்க, சிகாகோவில் கலக்கம். புது விமானம் வடிவமைக்கப் பணமும் பல வருஷமும் ஆகும். ஆகவே 1967-ல் முதன்முதல் பறந்த 737-லேயே பெரிய எஞ்சினைப் பூட்டி, ‘மேக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். தரைக்கு நெருக்கமாக நிற்கும் விமானம் அது. எஞ்சின் இடிக்காமல் இருக்க, அதை முன்னால் தள்ளி உயர்த்திப் பூட்டினார்கள். சில நிலைகளில் விமானத்தின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அதை அமுக்கிவிட எம்காஸ் என்று ஒரு மென்பொருள். எதிர்க்காற்றுக்கு மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்க விமானத்தில் இரண்டு உணரிகள் இருந்தன. எம்காஸ் கேட்டது ஒன்றின் பேச்சை மட்டும். அது பொய் சொன்னால்? அந்தக் கேள்வியை அமுக்க மென்பொருள் வேண்டியிருக்கவில்லை.

விமானிகளுக்கான கையேட்டில் எம்காஸ் என்ன செய்யும் என்று ஒரு வரி இல்லை. ஏன் என்றால், பழைய 737 ஓட்டியவருக்குப் புதுப் பயிற்சி எதுவும் வேண்டாம் என்பதுதான் விற்பனைத் தந்திரமே. சிமுலேட்டர் பயிற்சி அவசியம் என்று ஆகிவிட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2017-ல் இந்தோனேசியாவின் லயன் ஏர், எங்கள் விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி கொடுத்தால் என்ன என்று கேட்டது. தேவையில்லை என்று பேசி மடக்கிவிட்டு, இப்படிக் கேட்டவர்களை முட்டாள்கள் என்று தங்களுக்குள் செய்தி அனுப்பிச் சிரித்தார்கள். பாதுகாப்புச் சான்று வழங்க வேண்டிய அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ. என்ன செய்தது? சோதிக்கும் வேலையில் பெரும்பகுதியைப் போயிங் ஊழியர்களிடமே விட்டிருந்தது.

2018 அக்டோபர் 29. ஜகார்த்தாவில் கிளம்பிய லயன் ஏர் விமானத்தில் உணரி பொய் சொன்னது. எம்காஸ் மூக்கை அமுக்கியது. டெல்லிக்காரரான விமானி தூக்கினார். அமுக்கியது, தூக்கினார். இருபது தடவைக்கு மேல். பக்கத்தில் துணை விமானி கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். போயிங்கில் எழுத வேண்டாம் என்று முடிவெடுத்த ஒன்றை எந்தப் பக்கத்தில் தேடுவது? 189 பேர் கடலுக்குள் போனார்கள்.

மென்பொருளைத் திருத்தாமல் விட்டால் இந்த ரக விமானங்களின் ஆயுளில் இன்னும் 15 விபத்து நடக்கலாம் என்று எஃப்.ஏ.ஏ. உள்ளுக்குள் கணக்குப் போட்டது. போட்டுவிட்டுப் பறக்க விட்டது. டிசம்பர் 17 அன்று போயிங் இயக்குநர் குழுவும் ஒரு முடிவெடுத்தது: டிவிடெண்டை 20 சதவீதம் உயர்த்துவது, 2,000 கோடி டாலர் வரை சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குவது! கம்பெனிக் காசில் கம்பெனிப் பங்கை வாங்கினால் பங்கு விலை ஏறும். பங்கு விலையோடு முடிச்சுப் போட்ட தலைவர்களின் வரும்படியும் ஏறும். 2013 முதல் 2019 வரை இதற்கு இறைத்தது 4,300 கோடி டாலர். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினார்கள். கண் அடுத்தவனுடையது என்பதுதான் இதிலுள்ள வியூகம்.

2019 மார்ச் 10. அடிஸ் அபாபாவில் கிளம்பிய எத்தியோப்பியன் விமானம் ஆறு நிமிடத்தில் மண்ணுக்குள் புதைந்தது. 157 பேர். மொத்தம் 346. இதற்குப் பிறகும் விமானம் பத்திரமானது என்று சொல்லிக்கொண்டிருந்த எஃப்.ஏ.ஏ., சீனாவும் இந்தியாவும் ஐரோப்பாவும் தடுத்த பிறகு, 13-ம் தேதிதான் அமெரிக்காவில் நிறுத்தியது.

அக்டோபரில் செனட் விசாரணை. போயிங்கின் தலைமை நிர்வாகி டெனிஸ் முய்லன்பர்க்குக்குப் பின்னால் செத்தவர்களின் படங்களை உயர்த்திப் பிடித்தபடி குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. விசாரணை முடிந்து கிளம்பியவரை, மன்னிப்புக் கேட்பதை எங்கள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்று ஒரு தாய் கூப்பிட்டார். திரும்பினார், கேட்டார். அந்த டிசம்பரில் அவரை வெளியேற்றியபோது பங்கும் ஓய்வூதியமுமாக அவர் கையில் இருந்தது சுமார் 6.2 கோடி டாலர். அந்த வருஷம் குடும்பங்களுக்கு நேரடியாகப் பிரித்துக் கொடுக்க போயிங் ஒதுக்கிய நிதி 5 கோடி; தலைக்கு 1,44,500 டாலர். வழக்குகளில் வந்த இழப்பீடு வேறு கணக்கு. ஆனாலும் பாருங்கள், ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனதைவிட, 346 பேர் வீடு திரும்பாததற்கு முதலில் நீட்டிய தொகை குறைவு.

பாடம் படித்தார்களா? 2022-ல் தலைமையகத்தை மறுபடியும் தூக்கி, பென்டகனுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டனில் வைத்தார்கள். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் மேக்ஸ் விமானம் சுமார் 15,000 அடியில் பறந்தபோது கதவு வைக்காத திறப்பை அடைக்கும் பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளை ஆலையிலேயே மாட்ட மறந்திருந்தார்கள். ஒட்டிய இரண்டு இருக்கைகளும் தற்செயலாகக் காலி. கால்ஹூனின் 2023 ஊதியக் கணக்கு 3.28 கோடி டாலர்.

அந்த 346 சாவுகள் தொடர்பாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறிய தனிமனிதர் ஒரே ஒருவர்: போயிங்கின் தொழில்நுட்ப விமானி. 2022 மார்ச்சில் ஜூரி அவரையும் நிரபராதி என்றது. 2025 நவம்பரில், அரசே கேட்டுக்கொண்டபடி, கம்பெனி மீதான குற்ற வழக்கும் தள்ளுபடியானது. தலைவர்கள், இயக்குநர்கள் ஒருவர் மீதும் குற்ற வழக்கே கிடையாது.