பின்பக்கத்தைக் காட்டாத தாயி

கேளு தாயி, குரோஷா போடுறவுக நாலு பேரு கூடுற எடத்துக்கு உன் கைவேலையத் தூக்கிக்கிட்டுப் போறியாமே. நல்லாப் போயிட்டு வா. ஆனா கெழவி சொல்றபடி நடந்துக்க, மானம் தப்பும்.

மொதக் காரியம், சாமானை அவளுக கையில குடுத்துராத. வாங்குன மறு நிமிசம் பொரட்டிப் பின்பக்கத்தத்தான் பாப்பாளுக. நூல் வால ஊசியில கோத்து முன்னும் பின்னுமாப் பின்னலுக்குள்ள ஓட்டிருக்கியா, இல்ல முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கிட்டியாங்கிறது அங்கதான தெரியும்! நீ நறுக்குற கட்சி. ரெண்டு தடவ துவைச்சா வாயப் பொளந்துரும். அதனால சுவத்துல ஆணியில மாட்டித் தள்ளி நின்னு காட்டு. துவைச்சியான்னு எவளாவது கேட்டா, "இது துவைக்கிற சாமான் இல்லக்கா, பாக்குற சாமான்"னு சொல்லிரு.

அடுத்து, நாற்காலிக்குப் போடுற சதுரத் துண்டுன்னு ஆரம்பிச்சியே, அது. வரிசைக்கு வரிசை கடைசிக் கண்ணிய விட்டுட்டுத் திரும்பித் திரும்பி, மேல போகப் போகக் குறுகி முக்கோணமா நின்னுருச்சுல்ல? கவலையே படாத. தோள்ல போட்டுக்கிட்டு சால்வைன்னு சொல்லிரு. "கண்ணிய எண்ணிக்கிட்டே போடு"ன்னு யாராச்சும் புத்தி சொன்னா காதுல வாங்காத. எண்ணுறதெல்லாம் கத்துக்குட்டிக பாக்குற வேலை, நீதான் கத்து முடிச்சவளாச்சே!

ஊசி 4 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரான்னு கேப்பாளுக. அந்தக் காலத்துல புருஷன் பேரைக் கேட்டா முழிப்போமே, அப்பிடி முழி. எந்தக் கடை நூலு, என்ன லாட் நம்பரு, மூச்சு விடாத. சொன்னா எவளாவது நீ போட்ட செவப்புக் குல்லாவையே போட்டுருவா, ஊர்ல ரெண்டு குல்லா ஆயிரும்ல! பாதியில நூல் தீந்து வேற லாட்டுல வாங்குன அதே செவப்பு, ஒரு சாயல் வெளிறிப் பட்டை விழுந்து கெடக்கே, அதுக்கு மட்டும் டிசைன்னு பேரு வச்சுக்க.

இதுல வெவரங்கெட்ட பொம்பளைகளும் இருக்காக. சென்னையில மதர் இண்டியாஸ் குரோஷே குயீன்ஸ்னு ஒரு கூட்டம். ஆளுக்கொரு பக்கம் உக்காந்து பின்னுன துண்டையெல்லாம் ஒண்ணா மூட்டி, 2016 ஜனவரி 31ல 11,148.5 சதுர மீட்டருக்குப் போர்வையா விரிச்சு, கின்னஸ்ல ஏறிட்டாக. ஏறக்குறைய ரெண்டே முக்கா ஏக்கரா! அளவ ஒளிச்சு வச்சிருந்தா துண்டோட துண்டு சேந்திருக்குமா? வெக்கமில்லாம ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கிட்டிருக்காளுக. கடைசியில எந்தக் கண்ணி யாரு போட்டதுன்னே தெரியல. என்னத்தப் பேரு வாங்குனாக போ!

உனக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு? உன் வீட்டுக்காரன்கிட்டக் காட்டு. பேப்பர்ல இருந்து தலையத் தூக்காமலே "சூப்பர்"னுருவான். அவன் கண்ணுக்கு ஸ்வெட்டரும் ஒண்ணுதான், கால்மிதியும் ஒண்ணுதான். மூணாவது வரிசையில ஒரு கண்ணி விட்டுப்போச்சுன்னு மூக்குக் கண்ணாடிய ஏத்திப் பாத்துச் சொல்றாளே எதிர்வீட்டுக்காரி, அவ ஒருத்திதான் உன் பின்னலை முழுசாப் பாத்தவ. அவ கிட்டயா போகப்போற?

போகத்தான் போறேங்கிற. சரி, அப்ப அந்த ஊசியையும் நூல் மேல சுத்தியிருந்த லேபிளையும் மறக்காமப் பையில போட்டுக்க. வால எப்பிடி ஓட்டுறதுன்னு அவ கிட்டயே கேட்டுக்க. வந்ததும் எனக்கு ஒரு செவப்புக் குல்லா போட்டுக் குடு தாயி, பட்டை விழாம.