முட்டிவலியும் நாலு ரூபாயும்

அரசியல்வாதிகளுக்குச் சம்பளம் ஏறும்போதெல்லாம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். இது டாக்டர் கண்டுபிடித்ததல்ல, நானாகவே கடைப்பிடித்துவரும் ஒழுக்கம். 2017 ஜூலையில் நம் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத வருமானம் 55,000 ரூபாயிலிருந்து ஒரே தாவாக 1,05,000 ஆனபோது, அன்று மாலைக் காபியைக் குடிக்க மறுத்து என் கண்டனத்தைப் பதிவு செய்தேன். என் மனைவி அந்தக் காபியை எடுத்துக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். கோட்டைக்குச் செய்தி போனதாகத் தெரியவில்லை.

2025 மார்ச்சில் எம்.பி.க்களின் முறை வந்தது. ஒரு லட்சம் 1,24,000 ஆயிற்று. அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. அவர்களுக்கு அரியர்ஸ் கிடைத்தது. எனக்கோ இரண்டு வருடம் கோபப்படாமல் விட்டதையெல்லாம் சேர்த்துக் கோபப்படும் வேலை வந்து சேர்ந்தது. 1954-இல் எம்.பி.க்களுக்கு முதன்முதலாகச் சம்பளச் சட்டம் போட்டபோது மாதம் 400 ரூபாய்தான். இப்போது விலைவாசிக் குறியீட்டோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். விலை ஏறினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் சம்பளம் தானாக ஏறும். எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. விலை ஏறினால் சாம்பாரில் முருங்கைக்காய் தானாக இறங்கும்.

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பி.எஃப். பென்ஷன் வருகிறது. அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் நிர்ணயித்தார்கள். அதன்பிறகு பல வருடம் அந்த ஆயிரம் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். எவ்வளவு என்று எழுதலாம்தான், ஆனால் சம்பந்தி வீட்டில் பத்திரிகை வாங்குகிறார்கள். முன்னாள் எம்.பி.க்கு இப்போது குறைந்தது 31,000 ரூபாய் பென்ஷன் என்று படித்த அன்று, என் பாஸ்புக்கைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். திருடன் பார்த்தால் சிரிப்பான்.

கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து, நம் எம்.எல்.ஏ.க்கள் 234 பேர் என் பையிலிருந்து எவ்வளவு உருவுகிறார்கள் என்று பார்த்துவிடத் தீர்மானித்தேன். மாதம் 1.05 லட்சம், பன்னிரண்டு மாதம், 234 பேர். வருடத்துக்கு 29 கோடியே 48 லட்சம். கை நடுங்கியது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. வகுத்தேன். மறுபடியும் வகுத்தேன். கால்குலேட்டரில் போட்டேன். தலைக்கு நாலு ரூபாய் ஒன்பது காசு.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றாள் மனைவி. சொன்னேன்.

“வருஷத்துக்கா? இந்த நாலு ரூபாய்க்கா இத்தனை வருஷமா டி.வி.யப் பாத்துக் கத்துனீங்க? போன வாரம் கொத்தமல்லிக் கட்டுக்கு அஞ்சு ரூபா கூடக் குடுத்துட்டு வந்தீங்களே, அப்ப எங்க போச்சு இந்தக் கணக்கு?”

படிகள், பயணம், பாதுகாப்பு, விடுதி, மற்றும் கணக்கில் வராத இனங்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது. எங்கள் வீட்டில் மூன்றாவது விசிலுக்குப் பிறகு விவாதம் கிடையாது.

இப்படி என் கொள்கை ஆட்டம் கண்டிருந்த நேரத்தில்தான் முட்டியும் ஆட்டம் காணத் தொடங்கியது. முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். குளிர்சாதனம், பளிங்குத் தரை, “சார்” போட்டுப் பேசும் பெண்கள். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். படித்து முடித்ததும் வலி பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மெடிக்ளெய்ம்? அறுபதைத் தாண்டியவனுக்கு அவர்கள் கேட்ட பிரீமியத்தில் ஒரு பசுமாடு வாங்கிவிடலாம். 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யை நீக்கினார்கள், உண்மைதான். வரி போனபிறகு மிஞ்சிய தொகையே என்னைப் படுக்கவைக்கப் போதுமானதாக இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருடம் 1,20,000-க்குள் இருக்கவேண்டும். ரேஷன் கார்டில் பையன் பெயர் இருக்கிறது. அவன் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டிக் குதிக்கிறது. அந்தச் சம்பளத்தில் எனக்கு ஒரு பைசா வருவதில்லை என்பதை வி.ஏ.ஓ.விடம் எப்படி நிரூபிப்பது? ஏழையாகவும் தகுதியில்லை, பணக்காரனாகவும் வக்கில்லை.

ஆகவே பெரியாஸ்பத்திரி.

வண்டி நிறுத்தப் பத்து ரூபாய் கேட்டார்கள். ஒட்டுமொத்தச் சட்டமன்றத்துக்கும் நான் கொடுக்கும் வருடாந்திரக் காணிக்கையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அது. ஆனால் கொடுத்தேன், முணுமுணுக்காமல். பார்க்கிங்காரர் கண்ணெதிரே நிற்கிறார் அல்லவா? என் வீரமெல்லாம் தூரத்தில் இருப்பவர்களிடம்தான்.

ஓ.பி. சீட்டு வாங்க ஒரு வரிசை. சீட்டைக் காட்டி எந்த அறை என்று கேட்க ஒரு வரிசை. அறை வாசலில் ஒரு வரிசை. அங்கே மனிதர்களுக்கு நடுநடுவே செருப்பு, மஞ்சள்பை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. எனக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதன் சொந்தக்காரப் பாட்டி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்தால், பின்னால் நிற்பவர் அந்தச் செருப்பைக் காலால் தள்ளிவிட வேண்டும். பின்னால் நின்றது நான். படித்தவன், வரி கட்டுகிறவன், மக்களாட்சியில் நம்பிக்கை உள்ளவன். அன்று காலை முழுக்க என் உத்தியோகம் செருப்பு தள்ளுவது.

“தம்பிக்கு என்னா?” என்றார் பாட்டி.

“முட்டிவலி.”

“முட்டிவலிக்கா இப்படி நிக்க வந்த? செருப்பக் கழட்டிப் போட்டுட்டு இங்கிட்டு உக்காருப்பா.”

நான் அன்று போட்டிருந்தது பையன் வாங்கிக்கொடுத்த புது ஷூ. அதை விட்டுவிட்டு உட்கார மனம் வரவில்லை. நின்றேன்.

நிற்கிறவனுக்குப் பேச்சுத்துணை வேண்டும். பாட்டிக்கு ஆஸ்பத்திரி வரலாறு சொல்ல ஆரம்பித்தேன். சென்னையில் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரி 1664-இல் தொடங்கியபோது ஜார்ஜ் கோட்டைக்குள்தான் இருந்தது. பிறகு வெளியே வந்து, 1772-இல் இப்போதிருக்கும் இடத்துக்குப் போனது. அந்தக் கோட்டையில்தான் இன்று சட்டமன்றம். நடுவில் சட்டமன்றத்துக்கென்று ஓமந்தூரார் வளாகத்தில் புதிதாக ஒரு கட்டடம் எழுப்பினார்கள். 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தார். கோபுரம் முடியவில்லை என்று விழாவுக்காகத் தோட்டா தரணியை வைத்து சினிமா செட் போட்டு ஒரு கோபுரத்தை ஏற்றினார்கள். அடுத்த வருடம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா கோட்டைக்கே திரும்பிப் போனார்; புதுக் கட்டடத்தை ஆஸ்பத்திரி ஆக்கப்போவதாக அறிவித்து, 2014-இல் ஆக்கியும் விட்டார். ஆக, ஆஸ்பத்திரி பிறந்த கோட்டையில் சட்டமன்றம், சட்டமன்றத்துக்குக் கட்டிய மாளிகையில் ஆஸ்பத்திரி.

பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். “அப்ப அவுக உக்கார்ற எடத்துல நம்மளப் படுக்க வச்சிட்டாகன்னு சொல்லு. நல்லதுதான். செருப்பத் தள்ளு, வரிசை போவுது.”

வரிசை போனது உண்மை, ஆனால் என் அறைக்கு அல்ல. ஸ்ட்ரெச்சர் ஒன்று வர, எல்லாரும் சுவரோடு ஒட்டியதில் ஏற்பட்ட அசைவு அது. அப்போதுதான் என் சட்டைப்பையில் இருந்த கடிதம் நினைவுக்கு வந்தது. வாசகர்கள் மன்னிக்க வேண்டாம், கேட்டால் போதும். நாலு ரூபாய் ஒன்பது காசுக்காக யாரை வருடம் முழுக்கத் திட்டினேனோ, அந்த எம்.எல்.ஏ.வின் அலுவலகத்துக்கு முந்தின வாரமே போய், வட்டச் செயலாளர் மூலம், “இவர் எனக்கு நன்கு அறிமுகமானவர்” என்று ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி வைத்திருந்தேன். அறிமுகமானவர் என்பது உண்மைதான், டி.வி.யில் அவரை நான் தினமும் பார்த்துத் திட்டுகிறேன். கடிதத்தில் என் பெயர் தப்பாக இருந்தது. திருத்தச் சொல்லிக் கேட்கும் துணிச்சல் வரவில்லை.

கடிதத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு செக்யூரிட்டியிடம் போனேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“லெட்டரா? அந்தப் பக்கம் நில்லுங்க.”

அந்தப் பக்கம் ஒரு தனி வரிசை இருந்தது. எல்லார் கையிலும் அதே லெட்டர்பேடு. எல்லாரும் அவருக்கு நன்கு அறிமுகமானவர்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக மூன்று லட்சம் மக்கள். அதில் பெரும்பகுதியை அவர் நேரில் அறிந்துவைத்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. வரிசை வராந்தாவைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, மருந்து கொடுக்கிற ஜன்னல் வரைக்கும் போயிற்று. திரும்பி வந்து பார்த்தால் பழைய வரிசையில் என் இடத்தில் ஒரு மஞ்சள்பை நின்றுகொண்டிருந்தது. அதனிடம் என்ன வாதாட முடியும்? பாட்டிதான், “இந்தத் தம்பி எனக்குப் பின்னாடிதான் நின்னுச்சு” என்று சிபாரிசு செய்து சேர்த்துவிட்டார். எழுத்தில் இல்லாத சிபாரிசு. வேலை செய்தது.

கொஞ்ச நேரத்தில் திடீரென்று விசில் சத்தம். வராந்தாவைப் பெருக்கினார்கள், பினாயில் தெளித்தார்கள். குடிநீர் மெஷின் திறந்துவைக்க எம்.எல்.ஏ. வருகிறாராம். வரிசை நிறுத்தப்பட்டது. இத்தனை வருடமாகத் தேக்கிவைத்த கேள்விகள் எனக்குள் முட்டி மோதின. சம்பளம், படி, பென்ஷன், டாக்டர் பற்றாக்குறை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தித் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அவர் என் எதிரே வந்து, தோளில் கைவைத்து, “எப்படி இருக்கீங்கய்யா, வசதியெல்லாம் நல்லாருக்கா?” என்றார்.

“ரொம்ப நல்லாருக்குங்கண்ணே” என்றேன். அவருக்கு என் மகன் வயது.

பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தார். “ராசா, ஒனக்கு முட்டு வலிச்சா நீ எங்கப்பா காட்டுவ?”

ஒரு கணம் காமிராக்காரர்கூடக் கையை இறக்கிவிட்டார். எம்.எல்.ஏ. சிரித்தார். “உங்க ஆசீர்வாதத்துல எனக்கு ஒண்ணும் வராது ஆத்தா.”

“அந்த ஆசீர்வாதத்த எனக்கு யாராச்சும் பண்ணுங்கய்யா” என்றார் பாட்டி.

எனக்கும் இவர்களோடு இருக்கும் வழக்கு இதுதான், நாலு ரூபாய் இல்லை. சம்பளத்தை இரட்டிப்பாக்கிக் கொள்ளட்டும், தலைக்கு எட்டேகால் ரூபாய் ஆகும், தருகிறேன். பதிலுக்குக் குடும்பத்தோடு ஓ.பி.யில் செருப்பைப் போட்டு இடம் பிடிக்கவேண்டும் என்று ஒரு ஷரத்து எழுதினால் போதும், ஒரே மாதத்தில் ஃபேன் எல்லாம் ஓடும். 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பள்ளிக்கூட விஷயத்தில் இப்படிச் சொல்லிப் பார்த்தது: அரசுப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று. உத்தரப் பிரதேச அமைச்சர் வீட்டுப் பிள்ளைகள் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்ற படத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் ஒன்று. அந்த ஷரத்து எனக்கும் பொருந்தும் என்றால் கையெழுத்துப் போடுவதற்குமுன் நானும் யோசிப்பேன். பையனைப் படிக்கவைத்தது கான்வென்டில். லாட்டரி விழுந்தால் முட்டியைக் காட்டப்போவது பளிங்குத் தரையில்.

உச்சி வெயிலில் டாக்டர் முன்னால் போய் நின்றேன். சின்னப் பையன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முட்டியை அழுத்தினார். வலிக்கிறதா என்று கேட்டார். நான் எம்.எல்.ஏ. சம்பளத்தில் ஆரம்பித்தேன்.

“சார், நாங்களும் சம்பளம் கேட்டு 2019-ல ஒரு வாரம் ஸ்ட்ரைக் பண்ணிப் பாத்தோம். அப்ப நான் ஹவுஸ் சர்ஜன். காலை மடக்குங்க” என்றார். மடக்கினேன். அதற்கு மேல் நாங்கள் அரசியல் பேசவில்லை.

மாத்திரைக்குக் குறைவில்லை. இதை நேர்மையாகச் சொல்லவேண்டும். 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி மாநிலம் முழுக்க அனுப்புகிறது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கற்றுக்கொண்டன. அட்டை அட்டையாக, விற்பனைக்கல்ல என்று அச்சடித்த மாத்திரை, காசில்லாமல். எழுதிக்கொண்டே டாக்டர் சொன்னார்:

“தேய்மானம்தான் சார். மாடி ஏறாதீங்க. முக்கியமா, ரொம்ப நேரம் நிக்கக் கூடாது.”

“சரிங்க டாக்டர். மறுபடி எப்ப வரணும்?”

“ரெண்டு வாரம் கழிச்சு. ஆர்த்தோ ஓ.பி.யை மேல மூணாவது மாடிக்கு மாத்துறாங்க. லிஃப்ட் இப்போதைக்கு ஓடாது. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், வெள்ளனவே வந்து நின்னுடுங்க.”

அடுத்தமுறைக்கு ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். புதுசு வேண்டாம், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மனைவி தன்னுடைய பழசைத் தருவதாகச் சொல்கிறாள். அளவு சேராது என்றேன். “நீங்களா போட்டுக்கப் போறீங்க? அதுதானே நிக்கப் போவுது” என்கிறாள்.