உங்க குரூப்பையும் சேர்த்தாச்சு!

குழு என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியது தருமபுரிதான். 1989-இல், கிருஷ்ணகிரி பிரிந்துபோகாத பழைய தருமபுரி மாவட்டத்தில், ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் அமைப்பின் நிதியுதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். புதிதாக ஒருத்தி சேர வேண்டுமானால் மற்றவர்கள் சரி என்று சொல்ல வேண்டும். வாங்கிய கடனைக் கட்டுவாளா, மாமியார் கட்ட விடுவாளா என்பதுவரை அலசிவிட்டுத்தான் சொல்வார்கள். அதே மாவட்டத்தில் இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் இருக்கலாம். பாதிப்பேர் யாரென்று அட்மினுக்கே தெரியாது. அதுகூடப் போகட்டும். யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் குழுவின் அழைப்பு இணைப்பை எடுத்து, 'தமிழ் குரூப் லிங்க்குகள்' என்ற இணையப் பட்டியலில், மீம்ஸ் குழுவுக்கும் வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் குழுவுக்கும் நடுவில் போட்டுவிடுகிறார். ஊருக்கு உபகாரமாம். உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் ஒரு குழுவைப் பட்டியலில் போடக் கூடாது என்பது என் கட்சி. அட்மினை மட்டும் கேட்டாலும் போதாது.

பாலக்கோட்டில் தக்காளி விலை பேசுவதற்கு ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மண்டி விலை வரும், விலை விழுந்தால் நாலு பேர் திட்டுவார்கள், அதோடு சரி. பட்டியலில் ஏறிய மறுநாளிலிருந்து அங்கே பத்தே நிமிடத்தில் கடன் தருபவர் வருவார். கிரிப்டோவில் கோடீஸ்வரர் ஆனவர் வருவார். ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுகிறதா, ரூம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு ஒரு குடும்பமே வரும். இவர்களையாவது ஒவ்வொருவராக நீக்கிவிடலாம். வாயைத் திறக்காமல் உள்ளே வந்து, உறுப்பினர் பட்டியலில் உள்ள அத்தனை செல்போன் எண்களையும் எடுத்துக்கொண்டு வெளியேறுகிறவரை என்ன செய்வது? இது வெறும் பயமில்லை. 2020 பிப்ரவரியில், கூகுளில் தேடினாலே வாட்ஸ்அப் அழைப்பு இணைப்புகள் கிடைக்கின்றன என்ற செய்தி வெளியானது. ஏறக்குறைய 4,70,000 முடிவுகள் வந்தன. ஐ.நா. அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கானது என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு குழுவுக்குள் செய்தியாளர்கள் சும்மா நுழைந்து பார்த்தார்கள். 48 பேரின் எண்களும் தெரிந்தன. ஐ.நா. பேரைச் சொல்லும் குழுவுக்கே இந்தக் கதி என்றால், தக்காளி எம்மாத்திரம்?

பொதுவெளியில் யாரோ போட்டதைத்தானே எடுத்தோம் என்பார்கள் பட்டியல்காரர்கள். அந்த 2020 செய்தியின்போது கூகுளும் வாட்ஸ்அப்பும்கூட ஏறக்குறைய இதையேதான் சொல்லின. தேடுபொறிக்கு இந்தப் பதில் சரி. அது இயந்திரம், அதற்கு வெட்கம் கிடையாது. பட்டியல் போடுகிறவர் மனிதர். இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. நம் ஊர்ப் பக்கம் பேரைப் போட்டதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை, விட்டதற்குத்தான் வருவார்கள். கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பேரை அவரைக் கேட்டா அச்சடிக்கிறோம்? வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பத்திரிகை வெற்றிலை பாக்கோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறது. சித்தப்பாவின் செல்போன் எண்ணைச் சேர்த்து அச்சடித்து பஸ் ஸ்டாண்டில் யாரும் விநியோகிப்பதில்லை. அந்தக் கல்யாணத்திலேயே மொய் எழுதுகிறவர்கூட, எதிரில் நிற்பவரிடம் பேரும் ஊரும் கேட்டுவிட்டுத்தான் பேனாவை வைக்கிறார்.

அட்மின் சரி என்றாரே என்பது அடுத்த சமாதானம். குழுவில் யாரோ போட்ட பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரை வழக்கில் சேர்க்க முடியாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் கொண்டுவந்த வழக்கு அது. நியாயமான தீர்ப்பு. ஆனால் மற்றவர் பேச்சுக்குப் பொறுப்பில்லாத ஆள், மற்றவர் எண்ணைத் தெருவில் வைக்க மட்டும் எப்படிச் சம்மதம் தர முடியும்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது விவரம் தெரிந்து, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, தெளிவாகத் தருவது என்கிறது. தக்காளி விலைக்காகக் கொடுத்த எண் தக்காளி விலைக்குத்தான். பட்டியல்காரர் வக்கீல் வைத்தால், இணைப்பில் யாருடைய எண்ணும் இல்லையே என்று வாதாடக்கூடும். பூட்டுச்சாவியைக் கொடுத்தவர் நகையைத் தொடவில்லை என்பது மாதிரி.

நோகாமல் செய்ய வழி இருக்கிறது. குழுவில் ஒரு செய்தி போட்டு, இரண்டு நாள் பொறுத்து, ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடலாம். 1,024 பேரைக் கேட்க முடியுமா என்றால், முடியாது. அவ்வளவு பெரிய குழுவைப் பட்டியலில் போடாதீர்கள், குடி ஒன்றும் முழுகாது. புதியவர்கள் அட்மின் ஒப்புதலோடு மட்டுமே நுழையும் வசதியும் 2023-இலேயே வந்துவிட்டது. ஆனால் அதை இயக்கிவிட்டு, ராத்திரி பதினொன்றரைக்கு வரும் கோரிக்கைகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் வேலை பட்டியல்காரருக்கு இல்லை, பாலக்கோட்டுக்காரருக்குத்தான். வேண்டாமென்றால் நீக்கச் சொல்லுங்களேன், உடனே நீக்குகிறோம் என்பார்கள். அதற்கென்று ஒரு படிவம் இருந்தால், நட்சத்திரக் குறி போட்டு அது முதலில் கேட்பது உங்கள் செல்போன் எண்ணைத்தான்.