அடுப்பணைப்பின் ஐயமின்மை: ஓர் ஆய்வு

ரயில் செங்கல்பட்டைத் தாண்டும்போது எழும் "ஏங்க, கேஸை ஆஃப் பண்ணீங்களா?" என்ற வினாவை அறிவாராய்ச்சியாளர்கள் இதுவரை உரிய முறையில் கவனிக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் கலைச்சொல். மறுக்க இடமின்றி நிறுவப்பட்ட உறுதியை மேலைத் தத்துவத்தில் 'அப்போடிக்டிக்' என்பார்கள். கிரேக்க வேருக்குக் காட்டுதல் என்று பொருள். சொன்னால் போதாது, காட்ட வேண்டும். கான்ட் 1781இல் வெளியிட்ட 'தூய அறிவின் விமர்சனம்' நூலில் கூற்றுகளின் உறுதிநிலையை மூன்றாக வகுத்தார்: இருக்கலாம், இருக்கிறது, இருந்தே தீரும். மூன்றாவதுதான் நம் சொல். நான் சொன்ன விடையோ "அணைச்சிருப்பேன்". உருவத்தில் எதிர்காலம், பொருளில் இறந்தகாலம், தொனியில் சத்தியம், உள்ளே வெறும் ஊகம். தமிழ் தெரிந்திருந்தால் கான்ட் நான்காவது வகை ஒன்றைச் சேர்த்திருப்பார்.

நம் மரபில் துணை தேடினேன். மணிமேகலையின் 29ஆம் காதை அனுமானத்துக்கு ஐந்து உறுப்புகள் சொல்கிறது: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. அடுக்களையேதான்! உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, ஜன்னலில் புகை வருகிறதா என்று விசாரித்தேன். இல்லையாம். வெற்றியை அறிவித்தேன்.

"கேஸ் அடுப்புல எப்பங்க புகை வந்துச்சு?" என்றாள் மனைவி.

புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பதால், புகை இல்லையேல் நெருப்பு இல்லை என்றாகிவிடாது. நியாய தர்க்க மரபினரான நையாயிகர்கள் இதற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைக் காட்டுவார்கள். இவளுக்கு இரண்டு பர்னர் போதுமாயிற்று.

அரிஸ்டாட்டிலும் கைவிட்டார். வேறுவிதமாக இருக்கவே முடியாததற்குத்தான் நிறுவல் உண்டு என்பது அவர் கட்சி. முக்கோணத்தின் கோணங்கள் கூடி இரண்டு செங்கோணம் ஆவதை யாரும் மறந்துவிட்டு ரயில் ஏற முடியாது. அடுப்புத் திருகு அப்படியா? இடமும் திரும்பும், வலமும் திரும்பும்.

ஆகவே இப்போதெல்லாம் கிளம்புமுன் திருகுகளைப் போட்டோ எடுத்துவிடுகிறேன். போன முறை விழுப்புரத்தில் வினா எழுந்ததும், வேர்ச்சொல்லுக்கு மரியாதை செய்து, போனை நீட்டிக் காட்டினேன். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அடுப்பு மேல பால் பாத்திரம் இருக்கே. அதை நான் காலையிலேயே கழுவிக் கவுத்துட்டேன். இது எந்த ஊருக்குப் போனப்ப எடுத்தது?"