மைனஸ் மாமா

தறிச் சத்தம் கேட்கிற ஆரணித் தெருக்களில் தெருவுக்கு ஒரு மைனஸ் மாமா இருக்கிறார். பாதி ஆயுளைத் தறிக்குழியில் கால் போட்டே கழித்தவர். மகன் கம்ப்யூட்டர் படித்து டல்லாஸ் போனதிலிருந்து அவர் செல்போனில் ஆரணி வானிலை வருவதில்லை. மாசி வெயிலில் மேல்துண்டால் விசிறிக்கொண்டே, "இன்னிக்கு ராத்திரி மைனஸ் மூணு, ஜாக்கிரதையா இருக்கணும்" என்பார். இருபது டிகிரிக்கே இவருக்கு மங்கி குல்லா வேண்டும் என்பது வேறு விஷயம்.

மாமாவுக்கு ஞானம் பிறந்தது 2021 பிப்ரவரியில். அந்த வாரம் டல்லாஸில் மைனஸ் 19 வரை இறங்கியது. டெக்சாஸில் பல வீடுகளில் கரண்ட் போய், சுவருக்குள் இருந்த பைப்புகள் வெடித்து, வீட்டுக் கூரை வழியாகத் தண்ணீர் கொட்டியது. மகன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மாமா நிபுணராகிவிட்டார்.

டீக்கடையில் வகுப்பு நடக்கும். "தண்ணி ஒறைஞ்சா நூத்துக்கு ஒம்போது பங்கு உப்பும். ஆனா ஐஸ் இருக்கிற எடத்துல பைப் ஒடையாது. ஐஸுக்கும் மூடின கொழாய்க்கும் நடுவுல மாட்டிக்கிட்ட தண்ணிதான் ஒடைக்கும். பாவுல முடிச்சு பண்ணையில மாட்டினா, இழை வேற எடத்துலதானே அறுவுது?" கேட்பவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். அவர்களில் அதிகபட்சம் பனி பார்த்தவர், டிசம்பரில் ஊட்டிக்குப் போய்ப் புல் மேல் வெள்ளையாகக் கண்டவர்தான்.

காலை ஒன்பதரைக்கு, அதாவது அங்கே மகன் தூங்கப்போகிற நேரத்தில், வீடியோ கால்.

"சிங்க்குக்குக் கீழ கதவத் தொறந்து வச்சியா? சூடு உள்ள போவணும்."

"வச்சிட்டேம்ப்பா."

"கொழாய சொட்ட விட்டியா?"

"விட்டாச்சுப்பா."

"காட்டு."

மகன் போனைக் குழாயடிக்குக் கொண்டுபோவான். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொட்டை எண்ணுவார். "பத்தாது. நூலு மாதிரி ஓடணும். அப்படியும் ஒறைஞ்சிட்டா நெருப்பு காட்டாத. முடி காய வைக்கிற மெஷின எடுத்து கொழா வாய்லேர்ந்து பின்னால போ."

அந்த நேரம் பார்த்து இங்கே சமையலறையில் மாமி குழாயைச் சரியாக மூடாமல் வந்திருப்பார். மாமாவின் காது அதற்கென்றே படைத்தது. "குழாய மூடு! தண்ணி இன்னா தெனம் வருதா?" என்று கத்துவார். டல்லாஸில் மகன் பதறிக் குழாயை மூடிவிடுவான்.

"உன்ன இல்லடா!"

சொந்த வீட்டு மொட்டைமாடியில் வெயிலில் காய்ந்த பிவிசி பைப் விரிசல் விட்டுக் கசிகிறது. அதை மாமா தொடுவதில்லை. பிளம்பர் வரட்டும் என்று காத்திருக்கிறார்.

போன மாதம் மகளுக்கு ஒரு வரன் வந்தது. துபாயில் நல்ல வேலை, ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம். தரகர் சொல்லி முடிக்கிற வரை மாமா ஆவலாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க குளிரு எப்டி?"

"குளிரா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க."

"அப்போ நான் யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். கனடாவில் யாராவது இருந்தால் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.