கூடும் கூலியும்: வாசகர் கேள்வி-பதில்

கே: மாலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது, மரங்களில் மைனாக்கள் போடும் கூச்சல் காதைத் துளைக்கிறதே, ஏன்?

ப: பகலெல்லாம் ஜோடி ஜோடியாகப் பிரிந்து புல்தரையிலும் குப்பைமேட்டிலும் இரை தேடிய மைனாக்கள், இருட்டுமுன் ஒரே மரத்தில் வந்தடைந்து இராப்பொழுதைக் கூட்டமாகக் கழிக்கும் சுபாவமுடையவையாதலால், கிளையில் இடம் பிடிக்கும்வரை அந்த ஆரவாரம் ஓய்வதில்லை. பாய் விரிக்கும் இடத்துக்காக, இரவு ஷிப்டுக்காரர் எழுந்து போகும்வரை காத்திருக்கும் வாலிபர்கள் நிறைந்த மறைமலை நகருக்கு அக்கூச்சலின் அர்த்தம் விளங்காமற் போகாது.

கே: குயில் ஏன் சொந்தமாகக் கூடு கட்டுவதில்லை?

ப: காகம் கட்டித் தருகிறது, அட்வான்ஸும் கேட்பதில்லை.

கே: பனைகளை வெட்டினால், பனை உழவாரன் குருவி கட்டடங்களுக்குக் குடிவரலாமே? மாடப்புறா வந்துவிட்டதே!

ப: மாடப்புறாவின் மூதாதையர் மலைப்பாறைகளின் விளிம்பில் வசித்தவர்கள், ஆகவே அதற்கு அடுக்குமாடியின் ஏ.சி. பெட்டியும் ஒரு பாறையே. உழவாரனோ, தொங்கும் பனையோலையின் அடிப்புறத்தில் பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடமைக்கும் ஒரே வித்தையில் தேர்ந்த பிராணி. ஓலையில்லாத இடத்தில் அந்த வித்தைக்கு வேலையில்லை. மனிதர் கதையும் இதுவே: எந்த மடையை எந்த நாழிகையில் திறந்தால் எவர் வயலுக்கு நீர் எட்டும் என்ற கணக்கையெல்லாம் மனத்தில் வைத்திருந்த நீர்கட்டிக்கு, ஒரகடத்து நிலங்கள் தொழிற்பேட்டையான பின், வாயிற்காவலாளியின் நாற்காலி கிடைக்கலாம். ஆனால் அந்த ஞானத்தை யார் கேட்கிறார்கள்? நிலத்துக்கு நஷ்டஈடு உண்டு, வித்தைக்கு இல்லை என்பது என் வெகுநாளைய துக்கம்.

கே: வேலை போனால் பறவையைப்போல் வேறிடம் போய்விடலாம் என்கிறான் என் நண்பன். சரிதானா?

ப: மழை பொய்த்து வேடந்தாங்கல் ஏரி வறண்ட வருஷங்களில் நாரைகள் வேறு நீர்நிலையை நாடிப் போகின்றன, ஏரி நிரம்பினால் திரும்பி வருகின்றன. அவற்றுக்கு வீட்டுக்கடன் கிடையாது. நடுவருஷத்தில் குஞ்சுகளைப் பள்ளிக்கூடம் மாற்றும் சங்கடமும் கிடையாது. இருபதாண்டுகளுக்கு மேல் நம் மறைமலை நகரில் கார் செய்த போர்டு நிறுவனம், 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் கடைசிக் காரையும் வெளியனுப்பியபோது, அதை நம்பித் தவணையில் வீடு வாங்கியவரிடம் இந்தப் பறவை உபமானத்தைச் சொல்லியிருந்தால் அது புண்ணில் கோலிட்டதாகியிருக்கும். நண்பருக்குச் சிறகு இருக்கலாம், குடும்பஸ்தருக்கு இல்லை.

கே: ஒடிசாவிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்கிறேன். எத்தனை வருஷம் கழித்து இவ்வூர்க்காரனாவேன்?

ப: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மலாயாவின் கிள்ளான் பகுதிக் காபித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்கென இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுபோனார்கள், அக்காலத்திலேயே தோட்டவேலைக்காகத் தமிழரும் அந்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். காபி மறைந்து ரப்பர் வந்தது. காகம் அங்கேயே குஞ்சு பொரித்தது, தமிழரும் அந்நாட்டவராகவே தலைமுறைகளை வளர்த்தனர். அதைப் பெருமையாகப் பேசும் நாம், உங்களிடம் வருஷக்கணக்குக் கேட்பது நியாயமாகாது. எந்நாள் இங்கே உலை வைத்தீர்களோ, அந்நாளே இவ்வூர்க்காரர் ஆனீர்கள். இந்திக்காரர் என்று சொல்லி வீடு தர மறுப்பவர் எவரேனும் இருந்தால், தெருவின் பெயரை எழுதுங்கள், தம்பி. நானே வந்து பேசுகிறேன்.